துப்பாக்கி இல்லாதவர்களின் அரசியல்: ஆப்பிரிக்க இளைஞர் எழுச்சிகளும் அமைதியும்

2009 மார்ச்சில் மடகாஸ்கரின் ஆட்சியில் அமர்ந்தபோது ஆண்ட்ரி ராஜோலினாவுக்கு வயது 34. கேளிக்கை அரங்குகளில் இசைத்தட்டு சுழற்றிப் பெயர் வாங்கியவர், தலைநகர் அன்டனனரிவோவின் மேயரானவர், அப்போது தெருவில் திரண்ட கூட்டத்தின் முகம். அந்தக் கூட்டம் அதிபர் மாளிகையை நோக்கி நடந்தபோது காவலர்கள் சுட்டதில் பலர் உயிரிழந்தார்கள். ஆனால் முடிவைத் தீர்மானித்தது கப்சாட் என்ற ராணுவப் பிரிவு. அது கலகம் செய்து அவர் பக்கம் சாய்ந்த பிறகுதான் பழைய அதிபர் விலகினார். 2025 செப்டம்பரில் அதே நகரின் இளைஞர்கள் தண்ணீரும் மின்சாரமும் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். இப்போது அவர்கள் எதிர்த்தது 51 வயது ராஜோலினாவை. மறுபடியும் கப்சாட் கூட்டத்தின் பக்கம் வந்தது. ராஜோலினா நாட்டைவிட்டு வெளியேறினார். அக்டோபர் 14 அன்று கப்சாட்டின் கர்னல் மிக்கேல் ராண்ட்ரியானிரினா ஆட்சியைக் கைப்பற்றி, மூன்றே நாளில் அதிபராகப் பதவியேற்றார்.

இதை மடகாஸ்கரின் தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 முதல் ஆப்பிரிக்காவில் இளைஞர்கள் முன்னின்று அகற்றிய ஆட்சியாளர்கள் பலர்: துனிசியாவில் பென் அலி, எகிப்தில் முபாரக், செனகலில் வாட், புர்கினா ஃபாசோவில் கொம்பாவோரே, சூடானில் பஷீர். இவற்றில் எகிப்து, புர்கினா ஃபாசோ, சூடான் மூன்றிலும் சில ஆண்டுகளுக்குள் சீருடை ஆட்சிக்குத் திரும்பியது. துனிசியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபரே 2021இல் நாடாளுமன்றத்தை முடக்கினார். செனகல் மட்டும் வேறு வழியில் போனது. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இளைஞர்களின் வயதோ துணிச்சலோ கைப்பேசியோ இதைத் தீர்மானிக்கவில்லை. தெருவிலிருந்து ஆட்சிக்குப் போகும் வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. பல நாடுகளில் அங்கே நிற்பது ஆயுதம். அதை அங்கே நிறுத்தி வைத்ததில் உலகம் போற்றிய சமாதான ஒப்பந்தங்களுக்கும் பங்கு உண்டு.

வயதைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஆப்பிரிக்க மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 19 வயதைத் தாண்டாதவர்கள். கேமரூனை 1982 முதல் ஆளும் பால் பியா 2025 அக்டோபரில் எட்டாம் முறையாக வென்றதாக அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 92. வேதனையான இடைவெளிதான். ஆனால் அந்தக் கண்டத்தை இளைஞர்கள் ஆண்டதே இல்லை என்று நினைப்பது தவறு. 1958இல் கினி விடுதலை பெற்றபோது செக்கு தூரேவுக்கு 36 வயது. காங்கோவின் பிரதமரானபோது பத்ரீஸ் லுமும்பாவுக்கு 34, கொல்லப்பட்டபோது 35. தாமஸ் சங்கரா 33 வயதில் ஆட்சிக்கு வந்து 37 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். சியரா லியோனில் 1992இல் ராணுவக் கவிழ்ப்பின் மூலம் வந்த வேலன்டைன் ஸ்ட்ராசருக்கு 25 வயதுதான். 1986இல் 41 வயதில் உகாண்டாவின் அதிபரான யோவேரி முசெவேனி, பதவியைவிட்டு இறங்க மறுக்கும் தலைவர்களே ஆப்பிரிக்காவின் சிக்கல் என்று பேசினார். அவர் தொடர்ந்து போட்டியிட வழிசெய்து, அதிபருக்கான 75 வயது உச்சவரம்பை 2017இல் உகாண்டா நாடாளுமன்றம் நீக்கியது. எத்தியோப்பியாவில் ஒரோமோ இளைஞர்களின் போராட்டம் 2018இல் 41 வயது அபி அகமதைப் பிரதமராக்கியது. 2019இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு. 2020 நவம்பரில் டிக்ரே போர். இளம் வயதுத் தலைவர் வந்தால் அமைதி வந்துவிடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

தெருப் போராட்டம் அரசியல் தலைமையாக முதிர்ந்ததற்குப் பழைய, தெளிவான எடுத்துக்காட்டு தென்னாப்பிரிக்கா. 1976 ஜூன் 16 அன்று சொவேட்டோவின் பள்ளி மாணவர்கள் ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போனார்கள்; போலீஸ் சுட்டது. மாணவர் கோபம் அங்கேயே அடங்கியிருக்கலாம். ஆனால் அடுத்த பத்தாண்டுக்குள் அது குடியிருப்புச் சங்கங்களாகவும் தொழிற்சங்கங்களாகவும் 1983இல் ஐக்கிய ஜனநாயக முன்னணியாகவும் உருவெடுத்தது. மாணவப் பருவத்தில், 1974இல் சிறைப்பட்ட சிரில் ராமபோசா 1982இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார், நிறவெறி அரசுடன் நடந்த பேச்சுவார்த்தையில் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸின் முதன்மைப் பேச்சாளரானார், 2018இல் அதிபரானார். 1991இல் கையெழுத்தான தேசிய சமாதான உடன்படிக்கை, வட்டாரந்தோறும் சமாதானக் குழுக்களை அமைத்தது. அவை எல்லாக் கொலைகளையும் தடுக்கவில்லை. ஆனாலும் 1994 தேர்தலை நோக்கிப் போன அந்த ரத்தக் கறை படிந்த ஆண்டுகளில் எதிரெதிர்க் கட்சிக்காரர்களும் போலீஸும் ஒரே அறையில் உட்கார ஓர் இடம் இருந்தது.

இந்த வரலாற்றில் தமிழர் பெயர்களும் உண்டு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, 1913இல் எல்லை தாண்டும் சத்தியாகிரகத்தில் சிறைசென்று, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். 1970களில் ஸ்டீவ் பிக்கோவோடு கறுப்பின விழிப்புணர்வு மாணவர் இயக்கத்தில் நின்று ராபன் தீவுச் சிறைக்குப் போன ஸ்ட்ரினி மூட்லியை அந்த அளவுக்கு அறியோம்; அறிய வேண்டும்.

இளைஞர் அமைப்பு என்றாலே அறம் என்றும் ஆகிவிடாது. ருவாண்டாவில் 1994இல் இனப்படுகொலை செய்த இன்டெரஹாம்வே ஆளுங்கட்சியின் இளைஞர் அணியாகத் தொடங்கியதுதான். ஐவரி கோஸ்ட்டின் ஃபெஸ்கி என்ற மாணவர் சங்கத்தின் கதை இன்னும் நுணுக்கமானது. அதன் தலைமைப் பொறுப்பில் அடுத்தடுத்து இருந்தவர்கள் கியோம் சோரோவும் சார்ல் ப்ளே கூதேயும். 2002இல் நாடு இரண்டாகப் பிளந்தபோது சோரோ வடக்கின் ஆயுதக் குழுக்களுக்குத் தலைவரானார். ப்ளே கூதே தெற்கில் அதிபருக்கு ஆதரவாக 'இளம் தேசபக்தர்கள்' கூட்டத்தைத் திரட்டினார். 2007 மார்ச்சில் வாகடூகு ஒப்பந்தம் கையெழுத்தானது. சோரோ 34 வயதில் பிரதமரானார். அதே நாட்டில், அதே வயதில், துப்பாக்கி எடுக்காமல் ஊரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த ஒப்பந்தம் என்ன கற்றுக்கொடுத்திருக்கும்?

லைபீரியா இதே பாடத்தை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 2003இல் லேமா போவிக்கு 31 வயது. போரால் சலித்த கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களைத் திரட்டி வெள்ளைச் சட்டையோடு மன்ரோவியாவின் தெருவோரம் உட்காரவைத்தார். பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவில் இழுத்தடித்தபோது அங்கே போய், மண்டப வாசலில் கை கோத்து அமர்ந்து, உடன்பாடு வராமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று மறித்தார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் வந்தது. 2011இல் போவிக்கு நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் இடைக்கால அமைச்சரவையை எப்படிப் பங்கிட்டது என்று பாருங்கள்: பழைய அரசுக்கும் இரு ஆயுதக் குழுக்களுக்கும் தலா ஐந்து அமைச்சகங்கள். வாசலில் உட்கார்ந்தவர்களுக்குப் புகழ், உள்ளே ஆயுதத்தோடு இருந்தவர்களுக்குப் பதவி.

இந்த அநீதியைப் பல ஆண்டுகள் மறைத்தது ஒரு கோட்பாடு. மக்கள்தொகையில் இளைஞர் விகிதம் பெருத்தால் வன்முறை பெருகும் என்று அது சொன்னது. வேலையில்லாத இளைஞன் என்றாலே கலவரக்காரன் என்று கொள்கை வகுப்பாளர்கள் நம்பினார்கள். ஆனால் 2017இல் வெளியான ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஆய்வு, ஆப்பிரிக்கத் தீவிரவாத அமைப்புகளில் விரும்பிச் சேர்ந்த 495 பேரிடம் பேசியது. தாங்கள் சேரும் முடிவைக் கடைசியாகத் தூண்டியது அரசின் செயலே, குறிப்பாக உறவினரோ நண்பரோ கொல்லப்பட்டதோ கைதானதோ என்று 71 விழுக்காட்டினர் சொன்னார்கள். கேமரூனில் இது ஒரு போராகவே அரங்கேறியது. 2016 அக்டோபரில் ஆங்கிலம் பேசும் பகுதியின் வழக்கறிஞர்கள் தங்கள் நீதிமன்றங்களுக்குப் பிரெஞ்சுச் சட்டம் படித்த நீதிபதிகளை அனுப்பாதீர்கள் என்று ஊர்வலம் போனார்கள், ஆசிரியர்கள் சேர்ந்துகொண்டார்கள். அரசு கைது செய்தது. 2017 தொடக்கத்தில் அப்பகுதியின் இணையத்தை 93 நாள் துண்டித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆயுதக் குழுக்கள் முளைத்துவிட்டன. இன்றுவரை ஆயிரக்கணக்கானோர் செத்த போர் அது. ஊர்வலத்துக்குக் காது கொடுப்பதும் அமைதிப் பணிதான் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

காகிதத்தில் உலகம் மாறிவிட்டது. காம்பியாவின் பஞ்சுலில் 2006இல் ஏற்கப்பட்ட ஆப்பிரிக்க இளைஞர் சாசனம், 15 முதல் 35 வயது வரை இளைஞர் என வரையறுத்து, முடிவெடுக்கும் அவைகளில் அவர்களுக்கு இடம் உண்டு என்றது. 2015 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம், சமாதானப் பேச்சுகளில் இளைஞரைச் சேர்க்கச் சொன்னது. நல்ல ஆவணங்கள். ஆனால் இவற்றின் பெயரால் நடப்பவை பெரும்பாலும் பயிலரங்குகளும் தூதர் பட்டங்களும்தான்.

உண்மையான அமைதிப் பணி எப்படி இருக்கும் என்று பார்க்க, இந்த ஆவணங்களுக்கு வெகுமுன்பே, கென்யாவின் வடகிழக்கு மூலையில் உள்ள வஜிருக்குப் போக வேண்டும். சோமாலி இனத்தவர் வாழும் வறண்ட நாடு. 1990களின் தொடக்கத்தில் வறட்சியும், பக்கத்து சோமாலியாவிலிருந்து வந்த துப்பாக்கிகளும், 1992 தேர்தலும் சேர்ந்து குலச் சண்டையாக வெடித்தன. வஜிர் சந்தையில்கூட ஒரு குலத்துப் பெண்ணிடம் இன்னொரு குலத்துப் பெண் பால் வாங்க மறுக்கும் நிலை. அப்போது இருபதுகளின் கடைசியில் இருந்த டெக்கா இப்ராகிம் அப்தி என்ற ஆசிரியையும் சில தோழிகளும் அந்தச் சந்தையிலேயே தொடங்கினார்கள். குலம் பார்த்து யாரும் வாங்க, விற்க மறுக்கக்கூடாது. மறுத்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்று ஒரு குழு வைத்தார்கள். பிறகு பெரியவர்களிடம் போனார்கள். நடுநிலை வேண்டுமென்பதால் மிகச் சிறிய குலத்தின் பெரியவரை முன்னிறுத்திப் பேசவைத்தார்கள். இளைஞர்கள், வணிகர்கள், அரசு அதிகாரிகள் ஒவ்வொருவராகச் சேர்க்கப்பட்டார்கள். கால்நடை திருட்டோ கொலையோ நடந்தால் அன்றே ஊருக்குப் போய்ப் பேசி, பழிக்குப் பழி கிளம்புமுன் தடுக்கும் குழுவாக அது வளர்ந்தது. இந்த ஏற்பாடு பின்னர் கென்யாவின் மாவட்ட சமாதானக் குழுக்களுக்கு முன்மாதிரியானது. 2007 தேர்தலுக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட கலவரத்தின்போது டெக்கா நைரோபியில் அமைதி முயற்சிகளின் நடுவே நின்றார். 2011இல் சாலை விபத்தில் இறந்தார். பெரியவர்களை ஒதுக்காமலும் அவர்களுக்கு அடங்கிப் போகாமலும் இளையவர்கள் எப்படித் தலைமை தாங்கலாம் என்பதற்கு வஜிரைவிடச் சிறந்த பள்ளியை நான் அறியேன்.

இனி செனகல். 2011 ஜனவரியில், ஓயாத மின்வெட்டால் நொந்த டக்காரில், ஃபதேல் பாரோ போன்ற பத்திரிகையாளர்களும் கெர் குய் குழுவின் ராப் பாடகர்களும் 'யானாமார்' இயக்கத்தைத் தொடங்கினார்கள். 85 வயதை எட்டிக்கொண்டிருந்த அதிபர் அப்துலாயே வாட் மூன்றாம் முறை நிற்க வழி தேடினார். முதல் சுற்றில் 25 விழுக்காடு வாக்கு வாங்கினாலே அதிபராகலாம் என்று ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஜூன் 23 அன்று மக்கள் நாடாளுமன்றத்தைச் சூழ்ந்ததும் அதே நாளில் அதைத் திரும்பப் பெற்றார். பலரும் இந்த நாளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னும் பின்னும் நடந்த வேலை. பேட்டை பேட்டையாகக் கிளைகள் வைத்து, பாட்டுப் பாடி, இளைஞர்களை வரிசையில் நிறுத்தி வாக்காளர் அட்டை வாங்கவைத்தார்கள். 2012 மார்ச்சில் வாட் வாக்குச்சீட்டால் தோற்றார். இயக்கத்தினர் பதவி கேட்கவில்லை. வெளியே நின்று கண்காணிப்போம் என்றார்கள். நேர்மையான நிலை. ஆனால் அந்த இடைவெளியில் ஆட்சிக்கு வந்த மாக்கி சால், தாமும் ஒருநாள் மூன்றாம் முறைக்கு ஆசைப்பட்டார் என்ற சந்தேகத்துக்கு உள்ளானார்.

அந்த இடைவெளியை நிரப்பியது 2014இல் உஸ்மான் சோன்கோ முதலிய இளம் வரித்துறை அதிகாரிகள் தொடங்கிய பஸ்தெஃப் கட்சி. 2019 அதிபர் தேர்தலில் சோன்கோ மூன்றாம் இடம். 2022இல் சிகின்ஷோர் மேயர். 2023இல் கட்சி கலைக்கப்பட்டது, தலைவர்கள் சிறையில். 2021 முதல் நடந்த போராட்டங்களில் அறுபது பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. 2024 பிப்ரவரியில் சால் தேர்தலைத் தள்ளிவைத்தபோது அரசமைப்புக் கழகம் அதைச் செல்லாது என்றது. ராணுவம் முகாமைவிட்டு அசையவில்லை. பஸ்தெஃப் தலைவர்களில் ஒருவரான, மார்ச் 14 அன்று சிறையிலிருந்து வெளிவந்த பசிரு ஜொமாயே ஃபாய், பத்தே நாளில், 44ஆம் பிறந்தநாளுக்கு முந்தின நாள், முதல் சுற்றிலேயே வென்றார். தெருவின் கோபம், ஊர்தோறும் கிளை வைத்த கட்சி, அஞ்சாத நீதிமன்றம், ஒதுங்கி நின்ற ராணுவம் எல்லாம் கூடி வந்த அரிய தருணம் அது. பிறகு வந்த சுமைகளும் கடினமானவை: முந்தைய அரசு மறைத்த கடன் வெளிப்பட்டது, ஐ.எம்.எஃப். உதவி நின்றது. பஸ்தெஃப் தலைவர்களை விடுவித்த அதே பொதுமன்னிப்புச் சட்டம், கூட்டத்தைச் சுட்டவர்களுக்கும் கேடயமாக நிற்பது எனக்குப் பெரிய உறுத்தல்.

நைஜீரியாவில் இளைஞர்கள் சட்டத்தின் வழியாகப் போனார்கள். 2018 மே 31 அன்று கையெழுத்தான திருத்தம் அதிபருக்கான குறைந்தபட்ச வயதை 40இலிருந்து 35ஆகவும், கீழவை உறுப்பினருக்கு 30இலிருந்து 25ஆகவும் குறைத்தது. உண்மையான வெற்றி. ஆனால் 2023 தேர்தலுக்கு ஆளுங்கட்சி அதிபர் வேட்பாளர் விண்ணப்பத்துக்கு வைத்த கட்டணம் 10 கோடி நைரா. அன்றைய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 நைரா. சில பிரிவினருக்குச் சலுகை இருந்தது என்றாலும், கூலிக்காரர் ஒருவரின் 277 ஆண்டுச் சம்பளம் அந்த விண்ணப்பத்தின் விலை. உகாண்டாவில் நாடாளுமன்றத்தில் இளைஞருக்கு ஐந்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தெருவிலிருந்து வந்த பாடகர் பாபி வைனையோ கைதும் கண்ணீர்ப்புகையும் வரவேற்றன.

புர்கினா ஃபாசோவில் 2014 அக்டோபர் இறுதியில் 27 ஆண்டு ஆண்ட கொம்பாவோரே ஓடினார். பாடகர்கள் ஸ்மொக்கி, சாம்ஸ்கா லெ ஜா தொடங்கிய 'பாலே சித்வாயேன்' இயக்கத்தினர் மறுநாள் துடைப்பத்தோடு வீதியைச் சுத்தம் செய்தார்கள். அவர்களும் பதவி ஏற்கவில்லை. தீவிரவாதத் தாக்குதல்கள் பெருகின. 2022இல் இரண்டு ராணுவக் கவிழ்ப்புகள். இன்று ஆளும் இப்ராகிம் த்ராவோரே பதவியேற்றபோது 34 வயது. கண்டம் முழுக்க இளைஞர்கள் அவர் படத்தைப் பகிர்கிறார்கள். பிரான்ஸின் மேலாதிக்கத்தால் பட்ட அவமானம் உண்மையானது என்பதால் அந்த ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 2014இல் வீதியில் நின்ற அதே இயக்கத்தினர் உட்பட, கேள்வி கேட்டவர்களைக் கட்டாயமாகப் போர்முனைக்கு அனுப்பும் ஆட்சியை இளைஞர் ஆட்சி என்று கொண்டாட என் மனம் ஒப்பவில்லை.

கென்யாவில் 2024 ஜூனில் நிதி மசோதாவை எதிர்த்தவர்கள் தலைவர், குலம், கட்சி எதுவும் இல்லை என்று அறிவித்துக்கொண்டு வந்தார்கள். தலைவர் இருந்தால் விலைக்கு வாங்குவார்கள், குலம் இருந்தால் பிரிப்பார்கள் என்பது 2007இல் கற்ற பாடம். மசோதாவின் பிரிவுகளைத் தாய்மொழிகளில் விளக்கும் காணொலிகள் பரவின. ஜூன் 25 அன்று கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது, போலீஸ் சுட்டது. மறுநாள் அதிபர் ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். அந்தப் போராட்ட நாட்களில் 60 பேர் வரை இறந்ததாகத் தேசிய மனித உரிமை ஆணையம் கணக்கிட்டது. ரூட்டோ அமைச்சரவையைக் கலைத்தார்; காலியான இடங்களில் சிலவற்றில் மூத்த எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவின் ஆட்களை அமர்த்தினார். பேச்சு நடத்த யாரும் இல்லாத இயக்கத்தின் பெயரால் பெரியவர்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள். 2027 ஆகஸ்டில் தேர்தல். அதற்குள் ஒவ்வொரு தொகுதியிலும் வேட்பாளரையும் வாக்குச்சாவடி முகவரையும் நிறுத்தும் அமைப்பை அவர்கள் கட்டாவிட்டால் இதுவே திரும்ப நடக்கும்.

சூடானில் அப்படி ஓர் அமைப்பு இருந்தது. அதனால்தான் அந்தத் தோல்வி இவ்வளவு வலிக்கிறது. 2018 டிசம்பரில் தொடங்கிய எழுச்சியின் முதுகெலும்பு பேட்டைதோறும் இருந்த எதிர்ப்புக் குழுக்கள். 2019 ஏப்ரல் 11 அன்று பஷீர் விழுந்தார். ஜூன் 3 அன்று ராணுவத் தலைமையக வாசலில் அமர்ந்திருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் படைகள் கொன்றன. அதற்குப் பிறகும் குழுக்கள் ஆயுதம் எடுக்கவில்லை. ஆகஸ்டில் தளபதிகளும் கட்சிகளும் அதிகாரத்தைப் பங்கிட்டார்கள். இளைஞர்களும் குழுக்களும் இடம்பெற வேண்டிய இடைக்கால நாடாளுமன்றம் கடைசிவரை அமைக்கப்படவே இல்லை. ஆனால் 2020 அக்டோபரில் ஜூபாவில் ஆயுதக் குழுக்களோடு ஒப்பந்தம் செய்து, அவர்களுக்கு அமைச்சகங்களும் ஆளுநர் பதவியும் கொடுத்தார்கள். அந்தத் தலைவர்களில் சிலர் 2021 அக்டோபர் 25 ராணுவக் கவிழ்ப்பை ஆதரித்தார்கள். அதன்பின் எதிர்ப்புக் குழுக்கள் நாட்டை ஊர் மன்றங்களிலிருந்து மேல்நோக்கிக் கட்டும் ஒரு சாசனத்தையே எழுதி முன்வைத்தன. மத்தியஸ்தம் செய்ய வந்த வெளிநாட்டுத் தூதர்களின் கவனம் தளபதிகள் மீதே இருந்தது.

2023 ஏப்ரல் 15 அன்று அந்தத் தளபதிகளில் இருவரின் படைகள், ராணுவமும் துணைப்படையும், ஒன்றையொன்று சுடத் தொடங்கின. அரசு அலுவலகங்கள் மூடின, வெளிநாட்டினர் வெளியேறினர். எதிர்ப்புக் குழுக்களில் பழகியவர்களும் மருத்துவ மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து 'அவசர உதவி அறைகள்' தொடங்கினார்கள். அறுவடைக்கும் வீடு கட்டவும் ஊர் கூடி உழைக்கும் 'நஃபீர்' என்ற பழைய வழக்கம் அவர்களுக்கு வழிகாட்டியது. பொதுச் சமையற்கூடங்கள், கிணறு பழுதுபார்த்தல், காயம்பட்டவர்களைச் சுமத்தல், வன்முறைக்கு ஆளான பெண்களுக்குத் துணை என வேலை விரிந்தது. இரு படைகளும் தொண்டர்களைப் பிடித்துப் போயின, சிலரைக் கொன்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நின்றபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. எஞ்சியவற்றை வெளிநாட்டுச் சூடானியரின் பணமும் மற்ற நன்கொடைகளும் தாங்கின. அந்த ஆண்டு ராஃப்டோ விருதும் ரைட் லைவ்லிஹுட் விருதும் அந்த அறைகளுக்குக் கிடைத்தன.

2023 மேயில் ஜெட்டாவில் போர்நிறுத்தப் பேச்சு நடந்தபோது கையெழுத்திட்டவர்கள் இரு படைகளின் ஆட்கள் மட்டுமே. அடுத்த பேச்சு எங்கே, யார் மத்தியஸ்தத்தில் நடந்தாலும் அதற்கு முன்பே முடிவாக வேண்டியவை இரண்டு. படை பலத்தின் அளவுக்கு அமைச்சகம் தரும் ஜூபா கணக்கு இனிமேல் செல்லாது என்று ஆப்பிரிக்க ஒன்றியம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பேட்டைகளே தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகளுக்கு அந்த மேசையில் தளபதிகளுக்குச் சமமான வாக்கு இருக்க வேண்டும். அவர்கள் ஒப்பாமல் யாருக்கும் பொதுமன்னிப்பு தரக்கூடாது.